டெங்குவை தடுக்க உதவும் வோல்பாக்கியா: கொசுவுக்குள் இருந்த பாக்டீரியாவுக்கு பெயர் தந்த மருத்துவர் யார்?

டெங்கு பரப்பாத கொசுவை உருவாக்கிட்டாங்க என்று 2022-ல் புதுச்சேரியில் இருந்து ஒரு செய்தி வந்தது நினைவிருக்கா? அங்குள்ள ஐசிஎம்ஆர் வெக்டர் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அந்தக் கொசுக்களை உருவாக்கியது. அவற்றின் உடலுக்குள் இருந்தது வோல்பாக்கியா என்ற பாக்டீரியா.

இந்தப் பெயர் ஒரு மருத்துவருடையது. அவர் தேடியது வேறொரு கொலைகாரக் கிருமியை. தேடலின் வழியில் சிக்கியதுதான் இது. இதனால் என்ன பயன் என்று தெரியாமலேயே அவர் இறந்தும் போனார்.

யார் இந்த வோல்பாக்?

சிமியோன் பர்ட் வோல்பாக், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாணத்தில் கிராண்ட் ஐலண்ட் என்ற ஊரில் 1880-ல் பிறந்தார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் படித்து 1903-ல் பட்டம் பெற்றார். நோயால் உடல் திசுக்களில் என்ன மாற்றம் வருகிறது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்து சொல்லும் நோய்க்குறியியல்தான் அவரது துறை.

அமெரிக்காவின் மலைப்பகுதிகளில் உண்ணி கடித்து வரும் ராக்கி மலை புள்ளிக் காய்ச்சலை அவர் ஆராய்ந்தார். நோயை உண்டாக்கும் நுண்ணிய கிருமிகளை உண்ணியின் உடலிலும், நோயாளிகளின் ரத்தக் குழாய் சுவர்களிலும் கண்டு 1919-ல் விரிவாக எழுதினார். ரிக்கெட்சியா என்ற கிருமிக் குடும்பத்தில் அவர் பெரிய நிபுணரானது இப்படித்தான்.

ஆராய்ச்சியாளர்களையே கொன்ற கிருமி

அந்தக் குடும்பத்தில் மிகக் கொடியது டைபஸ் காய்ச்சலை உண்டாக்கும் கிருமி. டைபஸ் வேற, டைபாய்டு வேற. டைபாய்டு அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் வரும். டைபஸை பரப்புவது துணிகளில் ஒளிந்திருக்கும் சீலைப்பேன்.

இதை ஆராய்ந்த அமெரிக்கர் ஹோவர்டு ரிக்கெட்ஸ், 1910-ல் மெக்சிகோவில் டைபஸ் வந்தே இறந்தார். ஐரோப்பிய விஞ்ஞானி ஸ்டானிஸ்லாஸ் பிரோவசெக்கும் 1915-ல் அதே நோய்க்கு பலியானார். கிருமிக்கு ரிக்கெட்சியா பிரோவசெக்கி என்று இருவர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

இது தெரிந்தும் 1920-ல் வோல்பாக் போலந்துக்கு கிளம்பினார். முதல் உலகப்போர் முடிந்த நேரம், அங்கே டைபஸ் கொள்ளை நோயாக பரவிக்கொண்டிருந்தது. செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பு அனுப்பிய ஆய்வுக் குழுவில் அவர் போனார். அந்த ஆண்டு வார்சாவில் பேன் ஆய்வில் ஈடுபட்டிருந்த பிரிட்டிஷ் பூச்சியியல் நிபுணர் ஆர்தர் பேக்கட்டுக்கு, பேனால் பரவும் இன்னொரு காய்ச்சல் வந்தது. அதில் பிழைத்த அவர், 1922-ல் கெய்ரோவில் டைபஸ் தாக்கி உயிரிழந்தார்.

கெட்டது எது, சாது எது?

பேனுக்குள் கிருமி தெரிந்தால் போதாதா? போதாது. அதுதான் அன்றைய பெரிய தலைவலி.

டைபஸ் நோயாளியைக் கடிக்காத பேன்களிலும் ரிக்கெட்சியா போலவே தோன்றும் நுண்ணுயிர்கள் இருந்தன. சாதாரண கிருமிகளைப் போல இவற்றை தட்டில் வளர்க்கவும் முடியாது. அப்படியானால் கொலைகாரனையும் அப்பாவியையும் எப்படி பிரிப்பது?

நோய்த்தொற்று இல்லாத பேன்களை எடுத்து, டைபஸ் நோயாளிகளின் ரத்தத்தைக் குடிக்க விட்டார்கள். பிறகு பேனை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். டைபஸ் கிருமி பேனின் குடல் செல்களுக்குள்ளேயே புகுந்து பெருகியது. சாதுவான வகை செல்லுக்கு வெளியே மட்டும் இருந்தது. இறந்த நோயாளிகளின் ரத்தக் குழாய் செல்களிலும் டைபஸ் கிருமி தென்பட்டது. 1922-ல் வெளியான அந்த ஆய்வு நூல், டைபஸுக்கு காரணம் இதுதான் என்ற வாதத்துக்கு வலுவான ஆதாரமானது.

கொசுவுக்குள் ஒரு குடித்தனம்

ஆனா ஒரு கேள்வி மிச்சமிருந்தது. மற்ற பூச்சிகளிலும் இதே மாதிரி சாது நுண்ணுயிர்கள் இருக்கிறதா? இருந்தால், நோய்க் கிருமியைத் தேடும் யாரும் ஏமாந்துபோக வாய்ப்புண்டு.

வோல்பாக்கும் இளம் பூச்சியியலாளர் மார்ஷல் ஹெர்டிக்கும் பலவகை பூச்சிகளை அறுத்துப் பார்த்தார்கள். கியூலெக்ஸ் பிபியன்ஸ் என்ற கொசுவின் சூலகம், முட்டைகளில் அந்த நுண்ணுயிர்கள் நிறைந்திருந்தன. நம்ம ஊர் சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவுக்கு இது நெருங்கிய சொந்தம். தாய்க் கொசுவிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கு பாக்டீரியா போகிறது, கொசுவுக்கும் கெடுதல் இல்லை. 1924-ல் இதை வெளியிட்டார்கள். 1936-ல் ஹெர்டிக் இதற்கு வோல்பாக்கியா பிபியன்டிஸ் என்று பெயர் வைத்தார்.

யாரையும் கொல்லாத கிருமி என்பதால் மருத்துவ உலகம் அதை பெரிதாக கண்டுகொள்ளவில்லை. வோல்பாக்கும் வைட்டமின் ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். வைட்டமின் ஏ, சி குறைந்தால் திசுக்களுக்கு என்ன ஆகிறது என்ற அவரது ஆய்வுகள்தான் அன்று அதிகம் பேசப்பட்டன. 1947 வரை ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர், 1954-ல் காலமானார்.

பிறகு என்ன நடந்தது?

வெவ்வேறு ஊர்களின் கியூலெக்ஸ் கொசுக்கள் இணைந்தால், சில சமயம் முட்டை பொரிவதே இல்லை. காரணம் தெரியாமலேயே 1967-ல் பர்மாவின் ரங்கூன் அருகே ஓக்போ என்ற ஊரில் இதைப் பயன்படுத்தி கொசுவை ஒழித்துக் காட்டினார்கள். இதன் பின்னணியில் வோல்பாக்கியா இருக்கலாம் என்பதை 1971-ல்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் யென், பார் முன்வைத்தனர். முதலில் கண்டறிந்து 47 ஆண்டுகள் கழித்து!

டெங்குவை பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவில் இயற்கையாக வோல்பாக்கியா கிடையாது. ஆய்வகத்தில் அதைப் புகுத்தினால், கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவது கட்டுப்படுகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இப்படிப்பட்ட கொசுக்களை பறக்கவிட்ட பகுதிகளில் டெங்கு பாதிப்பு 77 சதவீதம் குறைந்ததாக 2021-ல் முடிவு வெளியானது.

கொசுவில் வோல்பாக்கியா இருக்கிறதா என்று பார்க்க இன்று பிசிஆர் சோதனை இருக்கிறது. கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் பழகிப்போன அதே முறைதான், சில மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். வோல்பாக்குக்கும் ஹெர்டிக்குக்கும் இருந்தது மைக்ரோஸ்கோப்பும் சாயமும்தான்.

ரிக்கெட்ஸ், பிரோவசெக் இருவரின் பெயரும் அவர்களைக் கொன்ற கிருமியில் நிற்கிறது. வோல்பாக்கின் பெயர் நிற்பதோ, மனித உயிரைக் காக்க இன்று வேலைக்கு அனுப்பப்படும் கிருமியில்.