சூரியப் புயலின் தடம் தேடிய கொடைக்கானல் விஞ்ஞானி எவர்ஷெட்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்களுக்கு முன்னெச்சரிக்கையின் பெறுமதியை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளி இம்மண்ணைச் சிதைத்தது. 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலையோ ஒரு வார்த்தை எச்சரிக்கையுமின்றி வந்து, நாவலடி, கல்லடி முதல் காத்தான்குடி, மருதமுனை வரை தமிழர், முஸ்லிம் என்ற பேதமின்றி உயிர்களைக் கொண்டு சென்றது. கடலிலும் வானிலும் மட்டுமன்றிச் சூரியனிலும் புயல்கள் எழுகின்றன. அப்புயல்களை அறிந்துகொள்வதற்கான பதிவேட்டை, நமக்கு அண்டையிலுள்ள தமிழக மலையொன்றில் இருந்தபடி நாள்தோறும் எழுதியவர்களுள் முதன்மையானவர் ஜோன் எவர்ஷெட்.

1864 பெப்ரவரி 26 இல் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் பிறந்த எவர்ஷெட், தொழில்முறையில் ஓர் இரசாயனவியலாளர். வானியல் அவருக்கு ஓய்வு நேரத் தேடலாகவே இருந்தது. தமது இல்லத்திலேயே சிறிய அவதான நிலையமொன்றை அமைத்துச் சூரியனின் ஒளியைப் பகுத்து ஆராய்ந்து வந்தார். 1890 இல் பிரித்தானிய வானியல் சங்கம் உருவானபோது அதன் ஆரம்ப உறுப்பினர்களுள் ஒருவரானார்.

கிரகண வேளையில் பள்ளிவாசல்களில் விசேட தொழுகை இடம்பெறுவதையும் கோயில்களில் நடை சாத்தப்படுவதையும் நாம் அறிவோம். அதே சில நிமிடங்களுக்காக அன்றைய விஞ்ஞானிகள் கண்டம் விட்டுக் கண்டம் பயணித்தனர். முழுக் கிரகணத்தின்போது மட்டுமே சூரியனின் புறவளிமண்டலமான கொரோனா வெற்றுக் கண்ணுக்குத் தென்படும் என்பதே அதற்குக் காரணம். எவர்ஷெட்டும் அவ்வாறே 1896 இல் நோர்வேக்கும், 1898 இல் இந்தியாவுக்கும், 1900 இல் அல்ஜீரியாவுக்கும் சென்றார். நோர்வேப் பயணத்தில் அறிமுகமான வானியல் ஆர்வலர் மேரி அக்வொர்த் ஓர் என்பவரை 1906 இல் மணம் முடித்தார்.

சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைக் காண்பதற்குக் கிரகணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் இந்திய மண்ணில் கண்டறியப்பட்ட உண்மையே. 1868 இல் குண்டூரில் கிரகணத்தை ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சன், நிறமாலைகாட்டியின் துணையுடன் மறுநாளும் அப்பிழம்புகளைக் கண்டார். அன்று முதல் சூரியனை நாள்தோறும் அவதானிப்பது சாத்தியமாயிற்று.

அத்தகைய பணிக்கென உருவானதே கொடைக்கானல் அவதான நிலையம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின் பின்னர், சூரியப் புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமாயின் வறட்சியை முன்கூட்டியே அறியலாம் என்ற நம்பிக்கை எழுந்தது. 1899 இல் இயங்கத் தொடங்கிய இந்நிலையத்தின் பின்னணியில் அந்த நம்பிக்கையும் இருந்தது. மாரி மழையை நம்பி விதைக்கும் நம் விவசாயிகளுக்கு அதன் அருமை புரியும். ஆயினும், சூரியப் புள்ளிகளை எண்ணி மழையைச் சொல்லிவிடலாம் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. நிறைவேறாத அந்த நோக்கத்துக்காகத் தொடங்கிய பதிவுகளே பின்னாளில் வேறொரு புயலை அறிய உதவின.

1907 இல் கொடைக்கானலுக்கு வந்த எவர்ஷெட், 1909 ஜனவரியில் தமது பெயரை நிலைக்கச் செய்த கண்டுபிடிப்பை நிகழ்த்தினார். சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் சுழிபோலச் சுழலும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். அவரோ, புள்ளியின் மங்கலான விளிம்புப் பகுதியில் வாயுக்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை நிறமாலைக் கோடுகளின் சிறு விலகல்களைக் கொண்டு நிறுவினார். இது இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகின்றது.

1911 இல் நிலையத்தின் பணிப்பாளரான அவர், உபகரணங்களைத் தாமே வடிவமைத்து, தெளிந்த வானமுள்ள நாட்களிலெல்லாம் சூரியனைப் படமெடுக்கும் பணியை முன்னெடுத்தார். மனைவி மேரியும் தீப்பிழம்புகளை வகைப்படுத்தும் ஆய்வில் இணைந்துகொண்டார். அவர்களது கூட்டாய்வு 1917 இல் வெளியாயிற்று. 1915 இல் அரச கழகத்தின் உறுப்புரிமையும், 1918 இல் அரச வானியல் கழகத்தின் தங்கப் பதக்கமும் எவர்ஷெட்டைத் தேடி வந்தன. 1923 இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய பின்னரும் சொந்த அவதான நிலையத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். 1956 நவம்பர் 17 இல் தமது 92 ஆவது வயதில் காலமானார்.

சூரியனிலிருந்து நூறு கோடி தொன் அளவிலான மின்னேற்றத் துகள்கள் ஒரேயடியாக விண்வெளிக்கு வீசப்படுவதை 1971 இல்தான் செய்மதியொன்று முதன்முதலாகத் தெளிவாகப் பதிவு செய்தது. கொரோனாத் திணிவு வெளியேற்றம் எனப்படும் இந்நிகழ்வை எவர்ஷெட் அறிந்திருக்கவில்லை. ஆயினும், அவர் படமெடுத்த வெடித்தெழும் பிழம்புகள் பலவேளைகளில் இத்தகைய வெளியேற்றங்களுடன் சேர்ந்தே நிகழ்கின்றன என்பதை இன்று நாம் அறிவோம்.

இவ்வெளியேற்றங்கள் பூமியை வந்தடையப் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு நாட்கள் வரை செல்லும். 1989 மார்ச்சில் இவ்வாறான புயலொன்றினால் கனடாவின் கியூபெக் மாகாணம் சுமார் ஒன்பது மணி நேரம் இருளில் மூழ்கியது. புவிகாந்த நடுக்கோட்டை அண்டியுள்ள நமது பிரதேசத்தில் துருவ ஒளி தோன்றாவிடினும், ஆழ்கடல் மீனவர் நம்பியிருக்கும் செய்மதி வழிகாட்டிச் சமிக்ஞைகள் குழம்ப இடமுண்டு. ஆகவே, இது வாழைச்சேனை மீனவரையும் தொடும் விடயமாகும்.

இந்தியா 2023 செப்டெம்பர் 2 இல் ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலம், 2024 ஜனவரியில் பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள தனது இலக்கை அடைந்தது. அதன் பிரதான கருவியான கொரோனா வரைவியை உருவாக்கிய இந்திய வான்பௌதிகவியல் நிறுவனம், கொடைக்கானல் நிலையத்தின் வழிவந்ததாகும். 1904 முதல் அங்கு எடுக்கப்பட்ட படங்களும் எண்ணிமப்படுத்தப்பட்டு ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.

எச்சரிக்கை என்பது ஒரே நாளில் பிறப்பதன்று. பயன் என்னவென்று அறியாமலேயே பலர் நாள்தோறும் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்தே அது விளைகின்றது. வாவியின் நீர்மட்டத்தையும், மழையளவையும், முகத்துவாரம் திறக்கும் நாளையும் நமது பாடசாலை மாணவர்கள் தவறாது குறித்துவருவார்களாயின், எவர்ஷெட்டின் வாழ்விலிருந்து நாம் பெற்ற பயன் அதுவாகவே இருக்கும். அப்பதிவேட்டைத் திறந்து பார்க்கவேண்டிய நாள் எதுவென்று இன்று எவராலும் கூற முடியாது. அந்நாளில் அதன் பக்கங்கள் வெறுமையாக இருக்கக் கூடாது.