விரல்நுனியில் ஏற்றிய விளக்கு

காசியில் பாதி கல்பாத்தி என்பது பாலக்காட்டுச் சீமையில் வழங்கும் முதுமொழி. புழைக்கரையில் எழுந்தருளியுள்ள விசுவநாத சுவாமியைத் தரிசிக்கத் தெருவிலிருந்து படியிறங்கிச் செல்ல வேண்டும். ஐப்பசியில் தேர்த்திருவிழா நடைபெறும் நாட்களில் அக்கிரகாரத் தெருக்களில் வேதபாராயணம் ஒலிக்கும். குரு சொல்ல, சீடன் கேட்டுத் திருப்பிச் சொல்லி, ஏட்டின் துணையின்றியே தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட செல்வம் அது. எழுதாக்கிளவி என்றே நம் முன்னோர் வேதத்தைக் குறிப்பிட்டனர்.

செவிவழிக் கல்வியின் இப்பெருமையை அறிந்த ஒருவருக்கு ஓர் ஐயம் எழக்கூடும். கண்பார்வை இல்லாத குழந்தைக்கும் செவி இருக்கிறதல்லவா? பிறர் படிக்கக் கேட்டால் போதாதா? அதற்கென்று தனியே புத்தகம் எதற்கு? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கை முழுவதையுமே விடையாக அளித்துச் சென்ற ஒரு மகான் உண்டு. அவர் காவி உடுத்தவரல்லர், மடம் நிறுவியவருமல்லர். பாரிஸ் நகரில் ஒரு பள்ளி ஆசிரியராக வாழ்ந்து, 43 வயதில் மறைந்தவர். அவர் பெயர் லூயி பிரெயில்.

பட்டறையில் நேர்ந்த துன்பம்

பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில் 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் லூயி பிறந்தார். தந்தை சிமோன் ரெனே குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி; தாயார் மோனிக். நான்கு மக்களில் லூயியே கடைக்குட்டி. மூன்று வயதில் ஒருநாள், தந்தையின் பட்டறையில் தோலைத் துளைக்கும் குத்தூசியை எடுத்து விளையாடினான் குழந்தை. கை தவறியது, ஊசி கண்ணில் பாய்ந்தது. அடிபட்ட கண்ணில் சீழ் பிடித்தது. அந்நோய் மற்றக் கண்ணையும் பற்றியது. ஐந்து வயதுக்குள் இரு கண்களும் முற்றிலும் ஒளி இழந்தன.

அக்காலத்து ஐரோப்பாவில் பார்வையற்ற ஏழைகள் பலருக்குப் பிச்சைப் பாத்திரமே கதியாக இருந்தது. லூயியின் பெற்றோரோ மகனை மூலையில் அமர்த்திவிடவில்லை. தந்தை அவனுக்குக் கைத்தடி செய்து கொடுத்தார். பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அடித்து, விரலால் தடவி எழுத்தறியச் செய்தார் என்பர். ஊர்ப் பாதிரியார் பாலுயி அவனுக்குப் பாடம் சொன்னார். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் பெஷரே அவனை மற்றப் பிள்ளைகளுடன் சேர்த்துக்கொண்டார். கேட்டதை உடனே மனத்தில் இருத்தும் ஆற்றலால் சிறுவன் வகுப்பில் முன்னணியில் நின்றான். ஆயினும் படிக்கும் நேரம் வந்து மற்றவர்கள் புத்தகத்தை விரிக்கும்போது அவன் கைகள் வெறுமையாக இருந்தன.

கனத்த புத்தகங்கள்

1819ஆம் ஆண்டு பிப்ரவரியில், பத்து வயதில், பாரிஸில் இருந்த பார்வையற்ற சிறுவர்களுக்கான அரசுப் பள்ளியில் லூயி சேர்ந்தார். 1785இல் வாலந்தேன் அயுயி என்னும் கருணை மிக்க அறிஞர் தொடங்கிய பள்ளி அது. ஈரம் கசியும் பழைய கட்டடம், எளிய உணவு, கடுமையான ஒழுங்கு. அங்கே தடவிப் படிக்கும் நூல்கள் இருந்தன. நனைந்த காகிதத்தை அச்செழுத்தின்மேல் அழுத்தி, ரோமன் எழுத்துகளைப் புடைப்பாக எழுப்பிய நூல்கள் அவை. பார்வையற்றோரும் கற்க முடியும் என்பதை உலகுக்கு முதலில் மெய்ப்பித்தவை என்னும் பெருமை அவற்றுக்கு உண்டு.

எனினும் அவற்றில் ஒரு குறை இருந்தது. கண்ணுக்கு எளிதான வடிவம் விரலுக்கு எளிதாக இருப்பதில்லை. ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் கோட்டையும் தடவித் தேறுவதற்குள் சொல்லின் தொடக்கம் மறந்துபோகும். புத்தகங்களோ பெரியவை, கனத்தவை, விலை மிகுந்தவை. ஆகவே எண்ணிக்கையில் மிகச் சில. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எழுத்தைக் கொண்டு மாணவன் தானே ஒரு வரிகூட எழுத இயலாது. உதவியவர்களின் உள்ளம் தூயதுதான். ஆனால் அவர்கள் தங்கள் கண்ணைக் கொண்டு சிந்தித்தார்களே தவிர, குழந்தையின் விரலைக் கொண்டு சிந்திக்கவில்லை.

ஆறு புள்ளிகள்

1821ஆம் ஆண்டளவில் சார்ல் பார்பியே என்னும் முன்னாள் படை அதிகாரி, புடைத்த புள்ளிகளால் எழுதும் ஒரு முறையைப் பள்ளிக்கு அறிமுகம் செய்தார். கோடுகளைவிடப் புள்ளிகளை விரல் விரைவில் அறிகிறது என்பதை மாணவர்கள் உடனே உணர்ந்தனர். ஆனால் அம்முறையில் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை தேவைப்பட்டன. ஒரே தொடுதலில் விரல்நுனிக்குள் அது அடங்கவில்லை. மேலும் அது ஒலியை மட்டுமே குறித்தது. சொற்களை முறையாக எழுத்துக்கூட்டவோ, எண்களையும் இசையையும் எழுதவோ அதில் இடமில்லை.

பன்னிரண்டு வயதுச் சிறுவன் இக்குறைகளைத் தீர்க்க முனைந்தான். பகலில் பாடம், இரவிலும் விடுமுறையிலும் காகிதமும் எழுத்தாணியுமாகத் தவம். 1824இல், பதினைந்தாம் வயதில், முறை உருப்பெற்றது. நெடுக்கில் மூன்றும் குறுக்கில் இரண்டுமாக ஆறே புள்ளிகள். எந்தப் புள்ளி எழும்பியுள்ளது, எது எழும்பவில்லை என்ற வேறுபாட்டால் 63 குறிகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு விரல்நுனியின் கீழ் முழுமையாக அடங்கும். எழுத்து, எண், நிறுத்தக்குறி, இசைக்குறிப்பு அனைத்துக்கும் அந்த ஆறு புள்ளிகளே போதும். எழுதும்போது காகிதத்தைச் சட்டத்தில் பொருத்தி வலமிருந்து இடமாகக் குத்திச் செல்ல வேண்டும். தாளைத் திருப்பினால் புடைப்புகள் இடமிருந்து வலமாகப் படிக்கக் கிடைக்கும். தந்தையின் குத்தூசி பறித்ததை, அதே போன்றதொரு கூரிய கருவி திருப்பிக் கொடுத்தது.

1829இல் இம்முறையை விளக்கி லூயி ஒரு நூல் வெளியிட்டார். அந்த நூலே பழைய புடைப்பு எழுத்தில்தான் அச்சாயிற்று. புள்ளி எழுத்தைப் படிக்க வல்லோர் அன்று பள்ளிக்கு வெளியே இல்லை. 1837இல் திருத்திய பதிப்பு வந்தது. அதே ஆண்டில் பிரான்சு நாட்டு வரலாற்றுச் சுருக்கம் ஒன்று மூன்று தொகுதிகளாகப் புள்ளி எழுத்தில் வெளிவந்தது.

தடையும் பொறுமையும்

படித்த பள்ளியிலேயே லூயி ஆசிரியரானார். 1833இல் முழுநிலை ஆசிரியராக உயர்ந்தார். பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் இசைக்கும் பணியும் கிட்டியது. ஆனால் இருபத்தாறு வயதளவில் காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது. அத்துடன் வேறொரு சோதனையும் வந்தது. 1840இல் பள்ளித் தலைமை மாறியது. புதிய தலைவர் துஃபோ புள்ளி எழுத்தை விலக்கினார். பார்வையுள்ளோர் படிக்க முடியாத எழுத்து பார்வையற்றோரைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். அவர்கள் தீயவர்கள் அல்லர். தாங்கள் அறியாத ஒன்றால் பிறருக்கு நன்மை விளையக்கூடும் என்று ஏற்கும் பணிவுதான் அவர்களிடம் இல்லை.

மாணவர்களோ அந்த எழுத்தை விடவில்லை. தங்கள் நாட்குறிப்பை, தங்கள் பாடத்தை, நண்பனுக்கு ஒரு கடிதத்தைத் தாங்களே எழுதிய இன்பத்தைச் சுவைத்தவர்கள் அவர்கள். மறைவாக எழுதினர், ஒருவருக்கொருவர் கற்பித்தனர். லூயி யாருடனும் பூசலிடவில்லை. காலத்தை நம்பிக் காத்திருந்தார். துணைத்தலைவர் குவாதே, மாணவர்களின் ஆர்வத்தைக் கண்டு மனம் மாறித் தலைவரையும் இசைய வைத்தார். 1844ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில், அவையோர் முன்னிலையில் புள்ளி எழுத்தின் சிறப்பு விளக்கப்பட்டது. குழந்தைகள் எழுதியும் படித்தும் காட்டினர். லூயி அந்த அவையில் அமைதியாக அமர்ந்திருந்தார்.

தமக்கென வாழாத் தகைமை

அவருடைய ஈகை அவருடைய கண்டுபிடிப்புக்குக் குறைந்ததன்று. நல்ல வருவாய் தந்த ஆர்கன் பணியைத் தம்மினும் வறிய மாணவர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தார் என்பர். 1852ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், 43 வயது நிறைந்த இரண்டாம் நாள், பள்ளியிலேயே அவர் உயிர் பிரிந்தது. தம்மிடமிருந்த சிறு பெட்டி ஒன்றைத் திறவாமல் எரித்துவிடும்படி அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆவல் மிகுதியால் திறந்தவர்கள், உள்ளே மாணவர்கள் எழுதிக்கொடுத்த கடன் சீட்டுகளைக் கண்டனர் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். யாரும் ஒரு காசும் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதே அவருடைய இறுதி விருப்பம்.

பாரிஸ் இதழ்கள் அவர் மறைவைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாண்டுகளுக்குப் பின், 1854இல், அவருடைய எழுத்து அந்நாட்டில் முறைப்படி ஏற்கப்பட்டது. 1878இல் பாரிஸில் கூடிய அனைத்துலக மாநாடு அதனைப் பிற நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. நூறாண்டு கழித்து, 1952இல், அவருடைய திருவுடல் நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது. எழுதிய கைகளை மட்டும் கூவ்ரே மக்கள் தங்கள் ஊரிலேயே பேழையில் வைத்துக் காத்து வருகின்றனர்.

நம் நாட்டில் அந்த ஒளி

1887இல் அமிர்தசரஸிலும், 1890இல் ஆஸ்க்வித் அம்மையாரின் முயற்சியால் பாளையங்கோட்டையிலும் பார்வையற்றோர் பள்ளிகள் தோன்றின. ஆனால் இந்திய மொழிகளுக்குப் பல்வேறு புள்ளி முறைகள் வழங்கியதால் குழப்பம் நிலவியது. 1951இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டது. ஒரே ஒலிக்குப் பெரும்பாலும் எல்லா மொழிகளிலும் ஒரே குறி. கல்பாத்தி போன்ற எல்லைப் பகுதியில் இதன் அருமை நன்கு விளங்கும். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பயிலும் பிள்ளை கண்ணால் படிப்பதானால் இரு வரிவடிவங்களைத் தனித்தனியே கற்க வேண்டும். விரலால் படிக்கும் பிள்ளைக்கோ ககரமும் மகரமும் லகரமும் இரு மொழியிலும் ஒன்றே. உயிர்மெய்க்குத் தனி வடிவம் இல்லை. மெய்யைத் தொடர்ந்து உயிரின் குறி நிற்கும். ஆகவே தமிழின் 247 எழுத்துகளும் சில பத்துக் குறிகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

அதே 1951இல் டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகம் எழுந்தது. கொல்கத்தாவை அடுத்த நரேந்திரபுரத்தில் இராமகிருஷ்ண மிஷன் 1957இல் தொடங்கிய பார்வையற்ற மாணவர் கல்விக்கூடம் பிரெயில் நூல் அச்சிடும் பணியையும் மேற்கொண்டது. பாலக்காடு மாவட்டத்திலேயே கோட்டப்புறத்தில் பார்வையற்ற குழந்தைகளுக்கான பள்ளி ஒன்று ஹெலன் கெல்லரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்நூல்களை விலையின்றியோ குறைந்த விலையிலோ தர வேண்டியது ஏன்? அச்சுப் பக்கம் ஒன்று பிரெயிலில் இரண்டு மூன்று பக்கங்களாக விரியும். தாள் தடித்ததாக இருக்க வேண்டும். மெல்லிய தாளில் புள்ளி நிற்காது. ஒரு பாடநூல் பல தொகுதிகளாகிவிடும், வாங்குவோரோ சிலர். ஆகவே அடக்க விலையை ஏழைப் பெற்றோர் தாங்க இயலாது. இதை உணர்ந்தே பார்வையற்றோருக்கான நூற்பொதிகளை இந்திய அஞ்சல் துறை 7 கிலோ வரை தரைவழியில் கட்டணமின்றிக் கொண்டுசேர்க்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், லாபநோக்கமின்றி அவர்கள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை ஆக்குவதற்கு வழிவிட்டது. இதே நோக்குடைய 2013ஆம் ஆண்டின் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக உறுதி செய்த நாடும் நம் நாடே.

இன்று கைபேசியே நூலைப் படித்துக் காட்டுகிறது. இனிப் பிரெயில் எதற்கு என்று கேட்போர் உண்டு. கல்பாத்தியில் எழுந்த அதே ஐயந்தான் இது. கேள்வி பெருஞ்செல்வம், அதில் ஐயமில்லை. ஆனால் சொல்லின் எழுத்தை, ணகர னகர வேறுபாட்டை, கணக்கின் அமைப்பைச் செவி முழுமையாகக் காட்டாது. விரும்பிய வரியில் நின்று, மீண்டும் திரும்பி, மௌனத்தில் சிந்திக்கும் உரிமையைப் புத்தகமே தருகிறது. வேதம் பயிலும் சீடனும் கேட்பதோடு நிற்பதில்லை; தானே ஓதித் தனதாக்கிக் கொள்கிறான். பார்வையற்ற குழந்தைக்குத் தனதாக்கிக் கொள்ளும் அவ்வழி விரல்நுனியில் இருக்கிறது.

உயிர்களுக்குச் செய்யும் தொண்டே இறைவனுக்குச் செய்யும் பூசை என்பது நாம் ஏற்ற நெறி. பூசையில் நமக்குப் பிடித்ததை அல்ல, அந்தத் தெய்வத்துக்கு உகந்ததையே படைக்கிறோம். தொண்டிலும் அவ்வாறே எதிரே இருப்பவருக்கு எது தேவை என்று முதலில் கேட்டறிய வேண்டும் என்பதே லூயி பிரெயிலின் வாழ்வு உணர்த்தும் பாடம். அவர் பிறந்த ஜனவரி 4ஆம் நாள் 2019 முதல் உலக பிரெயில் நாளாக ஐக்கிய நாடுகள் சபையால் கடைப்பிடிக்கப்படுகிறது. அடுத்து அந்நாள் வரும்போது, அருகிலுள்ள பார்வையற்றோர் பள்ளிக்குச் சென்று, எந்தப் புத்தகம் இல்லாமல் அங்குள்ள குழந்தைகள் காத்திருக்கிறார்கள் என்று கேட்போமாக. அந்த ஒரு புத்தகத்தை அவர்கள் கையில் சேர்ப்பது, கருவறையில் ஒரு விளக்கை ஏற்றுவதற்கு ஒப்பாகும்.