ருஸ்தம்ஜி சுவரில் மாட்டிய காகிதம்

மழையில் நனைந்த தானியத்தைக் குவியலின் உள்ளே மறைத்து வைத்திருந்த வியாபாரியைப் பற்றிய ஹதீஸை நாம் குத்பாக்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். சரக்கில் குறை இருந்தால் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும் என்பது எமக்குத் தெரியும். ஆனால் வியாபாரியிடமே இருக்கும் குறையைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. கணக்குத் தெரியாதவர் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்கிறார். கடனில் இருப்பவர் புது வாகனம் வாங்குகிறார். ஒருநாள் கடை பூட்டிக் கிடக்கும். பங்குதாரருக்கு அப்போதுதான் விடயம் தெரியவரும்.

மாத்தளையில் என் வாப்பா நடத்திய சிறிய புடவைக்கடை அப்படித்தான் போனது. மாமாவுக்கும் அதில் பங்கு இருந்தது. இரண்டு வருட நட்டத்தை வாப்பா அவரிடம் சொல்லவில்லை. ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை, வெட்கம்தான். கடை போன பிறகு மாமா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

நான் இப்போது லக்கலவில் ஒரு சிங்களப் பாடசாலையில் இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பிக்கிறேன். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நீரில் மூழ்க, அதற்குப் பதிலாக எழுந்த புதிய நகரில் என் மூத்த மகன் ஒரு கூட்டாளியுடன் கையடக்கத் தொலைபேசி திருத்தும் கடை போடப்போகிறான். அவனுடைய மோட்டார் சைக்கிள் லீசிங் ஆறு மாதமாக நிலுவை. கூட்டாளியிடம் அதைச் சொல்லவில்லை. கடை ஓடத் தொடங்கினால் கட்டிவிடலாம் என்கிறான். வாப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அவனுக்கு நான் காந்தியின் 'சத்திய சோதனை'யை எடுத்துக் கொடுத்தேன். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் நூலகத்தில் எடுத்து வாசித்த புத்தகம் அது. அரசியல் தலைவர் காந்தியை எல்லோருக்கும் தெரியும். வியாபாரிகளிடம் கூலிக்கு வேலை செய்த காந்தியைத்தான் அவன் அறிய வேண்டும் என்று நினைத்தேன்.

1869 இல் போர்பந்தரில் பிறந்தவர், 1891 இல் லண்டனில் பாரிஸ்டராகி ஊர் திரும்பினார். பம்பாய் நீதிமன்றத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வழக்கின் கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். தன்னால் முடியாது என்று சொல்லிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளச் சொன்னார். பின்னர் மாதம் 75 ரூபாய்க்கு ஆங்கில ஆசிரியர் வேலை கேட்டுப் போனார். பட்டதாரி இல்லை என்று பாடசாலை அவரைத் திருப்பி அனுப்பியது. (ஆசிரியனாகிய எனக்கு இந்த இடத்தில் எப்போதும் ஒரு சின்னச் சிரிப்பு வரும்.)

1893 இல் அவரைத் தென்னாபிரிக்காவுக்கு அழைத்தது தாதா அப்துல்லா கம்பனி என்ற முஸ்லிம் வணிக நிறுவனம். உறவினரான தைய்யிப் சேட்டுக்கு எதிராக 40,000 பவுண் கேட்டுத் தொடுத்த வழக்கு. முழுக்க முழுக்கக் கணக்குப் புத்தக விவகாரம். காந்திக்கோ கணக்கு வைப்பில் அரிச்சுவடியும் தெரியாது. ஆவணங்களில் அடிக்கடி வந்த 'பி. நோட்' என்ற சொல் அகராதியிலும் இல்லை. லண்டனில் படித்த பாரிஸ்டர் அந்தக் கம்பனியின் எழுதுவினைஞரிடம் போய்த் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அது புரொமிசரி நோட், கடனுறுதிச் சீட்டு என்று தெரிந்துகொண்டார். அதோடு விடாமல் கணக்கு வைப்புப் புத்தகம் ஒன்றை விலைக்கு வாங்கிப் படித்தார். வழக்கு நடுவரிடம் போய் தாதா அப்துல்லா வென்றார். தைய்யிப் சேட் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 37,000 பவுணும் செலவும். ஒரே தடவையில் கட்டச் சொன்னால் அவர் வங்குரோத்தாகிவிடுவார். நீண்ட காலத் தவணையில் கட்ட விடும்படி காந்தி தன் கட்சிக்காரரையே இணங்க வைத்தார்.

என் மகனுக்காக நான் அடையாளம் வைத்துக் கொடுத்த பக்கம் இன்னொன்று. பார்சி ருஸ்தம்ஜி காந்தியின் கட்சிக்காரர், நெருங்கிய நண்பர். இந்தியாவிலிருந்து சரக்கு இறக்கும்போது சுங்கத் தீர்வை கட்டாமல் கடத்தி வந்தார். சுங்க அதிகாரிகள் அவரை நம்பியிருந்தார்கள். அகப்பட்டதும் கண்ணீரோடு காந்தியிடம் ஓடினார். எல்லா விடயங்களையும் சொல்லும் தன் வக்கீலிடம் இதை மட்டும் அவர் மறைத்திருந்தார். வியாபாரத் தந்திரம்தானே, சொல்லத் தேவையில்லை என்று நினைத்தாராம். காந்தி வழக்காடி மீட்கப் பார்க்கவில்லை. சுங்க அதிகாரியிடமும் சட்டமா அதிபரிடமும் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளச் சொன்னார். சிறைக்குப் போக நேர்ந்தாலும் வெட்கம் சிறையில் இல்லை, செய்த செயலில்தான் இருக்கிறது என்று விளங்கவைத்தார். கடத்தியதாக ஒப்புக்கொண்ட தொகையின் இரு மடங்கைத் தண்டமாகக் கட்டியதோடு விடயம் முடிந்தது.

அங்கேயே மறந்திருக்கலாம். ருஸ்தம்ஜி நடந்த முழுவதையும் எழுதிச் சட்டகம் போட்டுத் தன் அலுவலகத்திலேயே மாட்டினார். தன் வாரிசுகளும் மற்ற வியாபாரிகளும் பார்க்கட்டும் என்று. இது நிலைக்காத மனமாற்றம் என்று நண்பர்கள் காந்தியை எச்சரித்தபோது, அதையும் காந்தி மறைக்காமல் ருஸ்தம்ஜியிடமே சொல்லிவிட்டார்.

1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் தன் கதையை வாராவாரம் எழுதியபோது, காந்தி நாடறிந்த தலைவர். 30 ரூபாய் வழக்கில் நாக்கு எழாமல் உட்கார்ந்ததை எழுதாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. 1948 ஜனவரி 30 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் அந்தப் பக்கங்கள் அப்படியே இருக்கின்றன.

மகன் புத்தகத்தை முழுவதும் வாசிக்கவில்லை. ருஸ்தம்ஜியின் பக்கத்தை மட்டும் வாசித்தான். இன்று ஜும்ஆவுக்குப் பிறகு லீசிங் கடிதங்களை ஒரு உறையில் போட்டுக்கொண்டு கூட்டாளியின் வீட்டுக்குப் போனான். இதை எழுதி முடிக்கும்போது மஃரிப் பாங்கு சொல்கிறது, அவன் இன்னும் வரவில்லை.