ஏற்காட்டில் வாழ்ந்த கல் மனிதர்: யார் இந்த ராபர்ட் புரூஸ் ஃபூட்?

ஏற்காடு போனா ஏரியைப் பார்ப்போம், படகுல போவோம். இந்தியாவின் கற்கால ஆய்வைத் தொடங்கி வைத்தவர் குடியிருந்த ஊரும் இதுதான்.

இங்கிலாந்தில் 1834-ல் பிறந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். பாறைகளை ஆராய்ந்து வரைபடமாக்குவதுதான் வேலை. வில்லியம் கிங்குடன் சேர்ந்து, சேர்வராயன் மலை அடங்கிய சேலம் பகுதியின் பாறை அமைப்பை எழுதினார். 1864-ல் அது வெளியானது.

அதற்கு முந்தைய ஆண்டு மே 30. பல்லாவரம் சரளை மண்ணில் ஒரு கல் கிடைத்தது. சாதாரணக் கல் இல்லை, மனிதன் செதுக்கிய கைக்கோடரி! செப்டம்பரில் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. எந்த மண் அடுக்கில் கிடந்தன என்று படிக்கத் தெரிந்ததால்தான் அவற்றின் தொன்மை அவருக்குப் புரிந்தது. அத்திரம்பாக்கக் கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்றது 2011-ல் வந்த ஆய்வு.

1891-ல் ஓய்வு பெற்றவர், பின்னர் ஏற்காட்டில் தங்கினார். 1912-ல் மறைந்தார். அவர் சேகரித்த கருவிகளை இன்னைக்கும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் பாதுகாக்கிறது.