ஆயுதமின்றி அயற்கரை சென்றவர்

எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாடு பப்புவா நியூகினி. மலையும் காடும் ஊர்களைப் பிரித்து நிற்றலால், ஒரு பள்ளத்தாக்கின் மொழி அடுத்ததில் விளங்காது. அத்தகைய நாட்டிற் படைத்துணையின்றி வாழ்ந்து காட்டிய நிக்கொலாய் மிக்லுக்கோ மக்லாயின் வரலாற்றை ஈண்டுக் கூறுவாம்.

இவர் 1846ஆம் ஆண்டு உருசியாவின் நொவ்கொரொட் மாகாணத்திற் பிறந்தார். 1864இல் சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தினின்றும் நீக்கப்பட்டு, ஜேர்மனி சென்று மருத்துவமும் விலங்கியலும் பயின்றார். (நீக்கப்பட்டமையை நம் மாணவர் முன்மாதிரியாகக் கொள்ளவேண்டா.) சில இனத்தவர் பிறவியிலேயே தாழ்ந்தோர் என அக்கால ஐரோப்பிய அறிஞர் பலர் எழுதிவந்தனர். அதன் உண்மையை அம்மக்களிடையே வாழ்ந்து ஆராய இவர் துணிந்தார்.

1871 செப்ரெம்பரில் வித்தியாஸ் என்னும் போர்க்கப்பல் இவரை நியூகினியின் வடகிழக்கிலுள்ள அஸ்ற்றோலேப் விரிகுடாவில் இறக்கிச் சென்றது. உடனிருந்தோர் சுவீடன் நாட்டு மாலுமி ஒருவரும் நியுவே தீவுச் சிறுவன் ஒருவனுமே. சிறுவன் அவ்வாண்டு முடியுமுன் நோயால் இறந்தான். மலேரியாக் காய்ச்சல் மக்லாயையும் விடவில்லை.

அயலூருக்கு முதன்முறை தனித்துச் செல்லுங்காற் கைத்துப்பாக்கியை எடுப்பதோ விடுப்பதோ என்று நெடிது சிந்தித்தார். கையிலிருப்பின் சினத்தில் அதனைப் பயன்படுத்த நேரும், ஓர் உயிர் போயின் நட்பு என்றுமே கைகூடாது என்று தெளிந்து, குடிசையிலேயே வைத்துச் சென்றார். ஊரார் சூழ்ந்தனர், அம்புகள் அருகே பறந்தன, ஈட்டி முகத்தெதிரே நீண்டது. அவரோ பாயொன்றை விரித்து, சப்பாத்தின் நாடாவை அவிழ்த்துப் படுத்து உறங்கிவிட்டார்! விழித்தபோது ஊரார் அமைதியாக அமர்ந்திருந்தனர். இஃது அசட்டுத் துணிவன்று. அஞ்சாமையையும் தீங்கு நினையாமையையும் ஒருங்கே உணர்த்த மொழியறியாதவருக்கு வேறு வழி யாதுளது?

பின்னர் அவர் அம்மக்களின் மொழியைக் கற்றார், நோயுற்றோருக்கு மருந்திட்டார், சோளமும் பூசினியும் பயிரிடக் கொடுத்தார். தட்டிலே மதுசாரத்தை எரித்து, நீரே எரிவதாக அவர்களை மருளச் செய்தமை மட்டும் நமக்கு உவப்பன்று. பதினைந்து மாதத்தின் பின் நீங்கியவர், வாக்களித்தபடியே 1876இல் மீண்டு ஓராண்டுக்கு மேல் தங்கினார். அக்காலத்தே நண்பர் ஒருவர், மக்லாய் இறக்கக்கூடியவர்தாமோ என்று வினவினார். அவர் ஈட்டியொன்றை நண்பர் கையிற் கொடுத்து, எறிந்து பார்க்குமாறு பணித்தார். நண்பர் மறுத்துவிட்டார்.

தாம் திறந்த வழியே வணிகரும் அரசுகளும் புகுவர் என்னும் கவலை அவரை இறுதிவரை வருத்தியது. மக்களின் நிலவுரிமையைக் காக்குமாறு பல அரசுகளுக்கும் எழுதினார், பயன் விளையவில்லை. 1884இல் ஜேர்மனி அக்கரையைத் தனதாக்கியபோது, பிஸ்மார்க்குக்குத் தந்தி அனுப்பி மறுத்துரைத்தார். அதுவும் வீணாயிற்று. 1888இல், நாற்பத்தோராம் வயதிலே, சென் பீற்றர்ஸ்பேர்க்கில் அவர் மறைந்தார். அவருடைய நியூகினி நாட்குறிப்புகள் அச்சேறியது 1923இலேயே. கோடரிக்கு உருசியர் வழங்கும் சொல்லோ அதற்கு நெடுநாள் முன்னரே அக்கரை மக்களின் மொழியிற் கலந்திருந்தது.