பேச்சுத் தமிழை மேடையேற்றிய பேராசிரியர் கணபதிப்பிள்ளை

ஒக்லாந்தில் இருக்கும் எங்கள் சிறிய நாடகக் குழுவுக்கு நான் நெறியாளராக வந்தது தற்செயல்தான். நான் படித்தது வர்த்தகம், செய்யும் தொழில் கணக்கு. குழுவின் வரவு செலவைப் பார்த்துத் தரச் சொல்லித்தான் முதலில் கூப்பிட்டார்கள். முன்பு நெறிப்படுத்தியவர் அவுஸ்திரேலியாவுக்கு இடம் மாறிவிட, ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் வருகிற ஆள் நான் ஒருவன் என்பதால் அந்த வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. பதினைந்து நிமிடம், இருபது நிமிடம் ஓடும் புது நாடகங்கள். எழுதுவதும் நாங்களே, நடிப்பதும் நாங்களே.

சென்ற ஆண்டு ஒரு நாடகத்தில் பேத்தியாக நடித்த பிள்ளைக்கு வயது பதினான்கு, இங்கேயே பிறந்தவள். பிரதியில் அவள் பேச வேண்டியது, பாட்டி, தாங்கள் எங்கே செல்கிறீர்கள் என்பது. ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடமாக்கி வந்தாள். ஆறு தரம் சொல்லியும் ஆறு தரமும் தடக்கினாள். ஏழாம் தரம் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "அங்கிள், அம்மம்மாவோட ஆர் இப்பிடிக் கதைக்கிறது?" என்று கேட்டாள். சரி பிள்ளை, நீ உன்ரை அம்மம்மாவிடம் எப்படிக் கேட்பாய் என்றேன். "அம்மம்மா, எங்கையணை போறியள்?" ஒரு தடக்கலும் இல்லை. கூடவே கையும் தலையும் தானாக அசைந்தன. அன்றைக்கே பிரதி முழுவதையும் மாற்றினோம்.

அடுத்த கிழமை ஒரு பெற்றார் என்னைத் தனியே கூப்பிட்டார். வீட்டில் கொச்சையாகக் கதைப்பது போதாதென்று மேடையிலும் அதையே பழக்குகிறீர்களா, பிள்ளைகள் நல்ல தமிழை எங்கே கேட்பது என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், ரொறன்ரோவில் இருக்கும் நண்பர் முன்பொருமுறை அனுப்பிய பழைய நாடக நூலின் நகல் நினைவுக்கு வந்தது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் நானாடகம். 1940 இல் வெளிவந்தது. நான்கு நாடகங்கள் கொண்டது என்பதால் அந்தப் பெயர்.

கணபதிப்பிள்ளை 1903 இல் பருத்தித்துறைக்குப் பக்கத்தில் புலோலியில் பிறந்தவர். தமிழும் வடமொழியும் ஊரிலேயே மரபு முறையில் தொடங்கிய படிப்பு. பிறகு கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அங்கிருந்து லண்டன். ஏழாம், எட்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து 1935 இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கல்லில் வெட்டிய எழுத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்த மனிதர் என்றால் இலக்கணத்துக்கு வெளியே ஒரு சொல் பேசாத பண்டிதர் என்றுதான் எவரும் நினைப்பார்கள். கொழும்புக்குத் திரும்பிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ் படிப்பிக்கத் தொடங்கியவர் செய்த வேலை அதற்கு நேர்மாறானது. மாணவர்களின் தமிழ்ச் சங்கம் மேடையேற்றுவதற்காகத் தன் ஊர்ப் பேச்சில் நாடகம் எழுதினார்.

அந்தக் காலத்து மேடையை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த இசை நாடகக் குழுக்களின் ஆட்சி ஒரு பக்கம். அரசனும் மந்திரியும் பாடிக்கொண்டே வருவார்கள். இன்னொரு பக்கம் கலையரசு சொர்ணலிங்கம் போன்றோர் பம்மல் சம்பந்த முதலியாரின் வழியில் படித்தவர்களைக் கொண்டு நடத்திய சபா நாடகங்கள். அங்கே வசனம் ஒழுங்காக இருந்தது, ஆனால் அது எழுத்துத் தமிழ். சாதாரணப் பேச்சு வந்தால் அது வேலைக்காரன் வாயிலோ கோமாளி வாயிலோ, சனம் சிரிப்பதற்காக வரும். கணபதிப்பிள்ளையின் நாடகத்தில் எல்லோருமே வீட்டில் கதைக்கிற மாதிரிக் கதைத்தார்கள். உடையாரும் அப்படித்தான்.

உடையார் மிடுக்கு அந்த நான்கில் ஒன்று. முருகன் திருகுதாளம், கண்ணன் கூத்து, நாட்டவன் நகர வாழ்க்கை என்பன மற்ற மூன்றும். உடையார் என்றால் யார் என்று எங்கள் பிள்ளைகளுக்கு நான் பத்து நிமிடம் விளக்க வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் விதானையாருக்கு மேலே இருந்த அதிகாரி, காணி உறுதியிலிருந்து ஊர்ச் சண்டை வரை அவர் சொல்லுக்கு ஒரு கனம் இருந்தது என்றேன். கவுன்சில்காரர் மாதிரியா என்று ஒருவன் கேட்டான். கவுன்சில்காரருக்கு ஊர் இவ்வளவு பயப்படுவதில்லை என்று சொல்லி வைத்தேன். கடைசி நாடகத்தின் தலைப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாட்டவன் நகர வாழ்க்கை! அன்றைக்குப் பருத்தித்துறையானுக்குக் கொழும்பு. எங்களுக்கு மவுண்ட் ரொஸ்கில்.

ஏன் இப்படி எழுதினார் என்பதற்கு அவர் முன்னுரையில் காரணம் கூறியிருக்கிறார். நாடகம் என்பது உலக வாழ்க்கையை உள்ளபடி காட்டுவது, ஆகவே மேடையில் நிற்பவர் வீட்டிலும் தெருவிலும் பேசுகிறபடியே பேச வேண்டும் என்பது அவர் வாதம். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் கதைகளில் பேச்சுமொழி வந்ததற்காகப் பண்டிதர்கள் இழிசனர் வழக்கு என்று எழுத்தாளர்கள் மேல் பாய்ந்ததை மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சண்டைக்கு இருபது வருடம் முன்னதாக, பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பிக்கிற ஒருவர், தன் பெயரைப் போட்டு, அச்சில் கொண்டுவந்த நூல் இது. இழிசனர் என்ற சொல்லில் மொழியை விடச் சாதிதான் கூடுதலாக இருந்தது என்பது என் எண்ணம்.

விபுலாநந்த அடிகள் 1947 இல் மறைந்த பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் பதவி கணபதிப்பிள்ளைக்கு வந்தது. பதவி வந்ததும் நாடகத்தை விட்டுவிடவில்லை. 1952 இல் இருநாடகம் வந்தது. பொருளோ பொருள், தவறான எண்ணம் என்ற இரண்டும் அதில் உள்ளன. பல்கலைக்கழகம் பேராதனைக்குப் போன பின்னர் அவருடைய மாணவர் சு. வித்தியானந்தன் இவற்றை நெறிப்படுத்தினார். பின்னாளில் பேராசிரியரான கா. சிவத்தம்பி மாணவராக அந்த மேடைகளில் நடித்தவர். நடித்தவர்கள் எவரும் தொழில்முறை நடிகர்கள் அல்லர். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், ஒத்திகைக்கு மாலையில் நேரம் ஒதுக்கி வந்தவர்கள். ஊரில் வளர்ந்து அந்தப் பேச்சு நாவில் இருந்த பிள்ளைகளுக்கு, அவர்களால் பேசக்கூடிய வசனத்தை எழுதிக் கொடுத்தார் என்று நான் அதைப் பார்க்கிறேன். இரவல் நடையைக் கொடுத்திருந்தால் பாதி ஒத்திகை உச்சரிப்புக்கே போயிருக்கும். என் ஆறு தரத்துக் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் பேச்சுத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தவர் அல்லர். யாழ்ப்பாண அரசனைப் பற்றிய சங்கிலி நாடகத்தில் நடை வேறு. வடமொழி இரத்தினாவளியைத் தழுவிய மாணிக்கமாலையிலும் வேறு. பழைய ஆற்றுப்படை வடிவத்தை எடுத்துக் காதலி ஆற்றுப்படை என்று செய்யுளும் பாடினார். ஜெர்மன் கதையொன்றைத் தழுவிப் பூஞ்சோலை எழுதினார். யார் பேசுகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள் என்று பார்த்துத்தான் மொழியைத் தெரிந்தெடுத்தார். எனக்குக் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வருகிறது. ஒரே காசுதான், ஆனால் எந்தப் பேரேட்டில் பதிவது என்று தெரிய வேண்டும்.

ஊர்ப் பேச்சு அவருக்கு மேடைச் சரக்கு மட்டும் அல்ல. யாழ்ப்பாணத் தமிழின் ஒலிகளைப் பற்றி 1958 இல் ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நாங்கள் உவன், உது, உங்கை என்று சொல்கிறோமே, அந்த உகரச் சுட்டு தொல்காப்பியத்தில் இருப்பது. தமிழ்நாட்டுப் பேச்சில் அது போய்விட்டது, எங்கள் வாயில் இன்னும் இருக்கிறது. அன்றைக்கு என்னிடம் கொச்சை என்று சொன்ன பெற்றாருக்கு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். அதிலும் ஒரு உகரச் சுட்டு வந்ததை நான் எடுத்துக் காட்டவில்லை.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அவர் மேடையேற்றியது பெரும்பாலும் வடமராட்சிப் பேச்சு. அதுதான் ஈழத்துத் தமிழ் என்று நாங்கள் எடுத்துக்கொண்டால் பிழை. எங்கள் குழுவில் மட்டக்களப்பு அம்மா ஒருவர் இருக்கிறார். பிரதியை வாசித்துவிட்டு, "அப்ப எங்கட கதை எங்க மனே?" என்று கேட்டார். அவருக்கு உரிய பகுதியை அவரையே எழுதச் சொன்னோம். நான் திருத்தவில்லை. ஒத்திகையில் மகள் பிடிவாதமாக ஆங்கிலத்தில் பதில் சொல்கிற இடம் அந்தப் பேச்சில்தான் சூடு பிடித்தது.

இந்த நாட்டில் மாவோரி மக்கள் 1982 இல் கொஹங்கா ரெயோ என்ற மொழிக்கூடுகளைத் தொடங்கியபோது, சின்னப் பிள்ளைகளை மூத்தவர்களின் பேச்சுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். பாட்டிமார் கதைக்கிற மொழிதான் அங்கே பாடம். எங்கள் பிள்ளைகளிடம் மிச்சம் இருக்கும் தமிழும் அம்மம்மாவோடு கதைக்கிற தமிழ்தான். அதையும் பிழை என்று சொல்லி வாயை அடைத்தால் எழுத்துத் தமிழ் வந்து அந்த இடத்தை நிரப்பப் போவதில்லை. ஆங்கிலம்தான் நிரப்பும். என் வீட்டில் மூத்தவனுக்கு அதுதான் நடந்தது. சின்ன வயதில் அவன் கதைத்ததை ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினேன். இப்போது அவனுக்கு முப்பது வயது. என்னோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசுகிறான்.

கணபதிப்பிள்ளை 1962 இல் ஈழத்து வாழ்வும் வளமும் என்ற கட்டுரை நூலைத் தந்தார். 1968 இல் காலமானார். அவருடைய மாணவர் வித்தியானந்தன் அதற்குள் கிராமத்து அண்ணாவிமாரைப் பேராதனைக்கு அழைத்துக் கர்ணன் போர், இராவணேசன் என்று கூத்துகளைப் புதுக்கி மேடையேற்றிப் பேர்பெற்றுவிட்டார். நாடக வரலாறு எழுதுகிறவர்கள் அந்த இடத்தில் நின்று நிறைய எழுதுவார்கள், நியாயம்தான். ஆனால் நான்கைந்து பேர், ஒரு கதிரை, ஒரு மேசை, இருபது நிமிடம் என்று நாடகம் போடுகிற எங்களுக்கு வித்தியானந்தனை விட அவருடைய ஆசிரியர்தான் கிட்டத்துச் சொந்தம்.

இந்த வருடம் நான் எழுதியிருப்பது வரித் திணைக்களத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தைப் பற்றி. தாத்தாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, பேரனுக்குத் தமிழில் வரி என்றால் கோடு என்று மட்டுமே தெரியும். பதினேழு நிமிடம் வருகிறது, இரண்டு நிமிடம் குறைக்க வேண்டும். பேரன் பாகத்தை அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளை தனக்குத் தரச் சொல்லிக் கேட்டு, பேத்தியாக மாற்றிவிட்டாள். போன ஞாயிறு பிரதியில் நான்கு இடத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். இப்படி ஒருத்தரும் கதைக்கமாட்டினம் அங்கிள், அம்மம்மாவிடம் கேட்டுவிட்டேன் என்றாள். மூன்று இடத்தில் அவள் சொன்னது சரி. நாலாவதைப் பற்றி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.