வெள்ளைச் சேலையில் 47 ஆண்டுகள்: கே.பி. சுந்தராம்பாள்

சுங்கை பெசார் தொடங்கி கோலசிலாங்கூர் வரை, தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் எழாமல் போகாது. கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை ஔவைப் பாட்டி சமாதானப்படுத்தும் பாட்டு. 1965-இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்துக்காக அதைப் பாடியபோது கே.பி. சுந்தராம்பாளுக்கு வயது 60-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. இளையோர் பலருக்கு அவரைப் பாட்டியாக மட்டுமே தெரியும். அவர் பாட்டியாகவே நடிக்க நேர்ந்ததற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1908-இல் காவிரிக்கரை ஊரான கொடுமுடியில் பிறந்தவர். வறுமை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி, அந்தக் குரலுக்காகவே நாடகக் கம்பெனியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஒலிவாங்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் பாட்டு எட்ட வேண்டும். எட்டியது.

இலங்கையில் நாடகம் போடச் சென்றபோது எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் ஜோடி சேர்ந்தார். செங்கோட்டைக்காரரான கிட்டப்பா, உச்சத்தில் பாடி மேடையை ஆண்டவர். ஏற்கெனவே மணமானவர். இருவரும் 1927-இல் திருமணம் செய்துகொண்டார்கள். மேடையில் இந்த ஜோடிக்கு இணையில்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை. மனத்தாங்கல் வளர்ந்தது, பிரிந்தார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27தான்.

தமிழின் முதல் பேசும்படம் 1931-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் கிட்டப்பா திரையில் தோன்றவில்லை. மேடையில் நீட்டி விரித்துப் பாடியவரின் குரல், பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் இசைத்தட்டுகளில்தான் இன்று எஞ்சியிருக்கிறது.

25 வயதில் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். நடிப்பே பிழைப்பாக இருந்த ஒரு பெண்ணுக்கு இது சாதாரண முடிவல்ல. வாய்ப்பெல்லாம் அடைபட்டிருக்க வேண்டும். ஆனால் குரலைத் தேடித் தயாரிப்பாளர்தான் வந்தார். 1935-இல் வந்த ‘நந்தனார்’ படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அக்காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. ஜோடி தேவைப்படாதபடி, நந்தனாராக ஆண் வேடத்திலேயே நடித்தார். விமர்சனம் என்னவோ கடுமையாகத்தான் இருந்தது!

அதன்பின் ‘மணிமேகலை’. 1953-இல் எஸ்.எஸ். வாசனின் ‘ஔவையார்’. ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். எல்லாமே துறவியரும் மூதாட்டியரும்தான். எண்ணிக்கையில் குறைவான படங்களே. அந்தக் குறைவை அவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார் என்பதை மறந்துவிடக்கூடாது.

காங்கிரஸ் மேடைகளிலும் அவர் பாடினார். சத்தியமூர்த்தி அழைத்த இடங்களில் கூட்டம் சேர்த்தது அந்தப் பாட்டுதான். தேசபக்திப் பாடல்களை இசைத்தட்டிலும் பதிவு செய்தார். 1950-களில் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராகவும் ஆனார்.

‘துணைவன்’ படத்தில் பாடியதற்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. மறு ஆண்டு பத்மஸ்ரீ. 1980-இல் சென்னையில் காலமானபோது, அவர் வெள்ளைச் சேலை உடுத்தத் தொடங்கி 47 ஆண்டுகள் ஆகியிருந்தன.